கர்ப்பிணியின் படம் வீட்டிலேயே எடுக்கப்படட்டும்

ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும் தாய்மார்கள் அண்மைக் காலமாக எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "படமெடுக்க வெளியே போய்வரலாமா, டாக்டர்?" வளைகாப்பை ஒட்டிச் சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ சென்று, தரையில் புரளும் நீண்ட கவுன் அணிந்து, பாறைமேல் நின்று படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் திண்டுக்கல்லிலும் பரவிவிட்டது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'வேனிட்டி ஃபேர்' இதழின் அட்டையில், நிறைவயிற்றுடன் நின்ற நடிகை டெமி மூரின் படம் வெளிவந்தது. எடுத்தவர் ஆனி லீபோவிட்ஸ். கர்ப்பத்தை மறைக்க வேண்டியதில்லை என்று உலகுக்குச் சொன்ன படம் அது. அந்த ஆசையை நாங்கள் குறைகூறவில்லை.

ஆனால் சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து சென்று, நேரத்துக்கு உண்ணாமல், வெயிலில் மணிக்கணக்காக நிற்பது நிறைமாத உடலுக்கு ஏற்றதன்று. மாதம் ஏறிய பின் நெடுநேரம் மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டிய பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கக்கூடும். படத்துக்காகப் புல்தரையில் அப்படித்தான் படுக்கச் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே எடுங்கள் என்பதே எங்கள் கருத்து. அதுவும், வீட்டை ஒழுங்குபடுத்தாமல், சிரிக்கச் சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடியே எடுங்கள். பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையில் அவர் வாசற்படியில் அமர்ந்து நிலக்கோட்டை மல்லிகையைத் தொடுத்துக்கொண்டிருக்கலாம். மாமியார் அவர் காலுக்கு எண்ணெய் தடவலாம். மூத்த குழந்தை வயிற்றில் காதை வைத்துக் கேட்கலாம். காலை வெளிச்சம் ஜன்னல் வழியே விழும் நேரம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். கையில் இருக்கும் செல்பேசியே போதுமானது.

இத்தகைய படம் பொய் சொல்லாது என்பதே அதன் பெருமை. குழாயில் தண்ணீர் வரும் நாளில் நிறைகுடம் யார் இடுப்பில் இருக்கிறது? எல்லோரும் உண்டபின் கடைசியாகத் தட்டின் முன் அமர்வது யார்? கவுன் அணிந்த படத்தில் இவை தெரிவதில்லை. குடம் அவர் இடுப்பில் இருக்கக் கண்டால், படமெடுப்பவர் முதலில் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

இவ்வாறு இயல்பாக எடுத்த படங்கள் பெரும் காரியங்களும் செய்திருக்கின்றன. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஏழைகளின் வீடுதோறும் சென்று பிரசவம் பார்த்த கறுப்பின மருத்துவச்சி மாட் காலனைப் பின்தொடர்ந்து யூஜின் ஸ்மித் எடுத்த படங்கள், 1951 டிசம்பரில் 'லைஃப்' இதழில் வெளிவந்தன. எவரையும் அலங்கரித்து நிறுத்தி எடுத்தவை அல்ல அவை. பார்த்து நெகிழ்ந்த வாசகர்கள் அனுப்பிய நன்கொடையால் அவருக்கென ஒரு சிகிச்சை நிலையமே எழுந்தது.

வயிற்றுப்பிள்ளைக்காரியைப் படமெடுத்தால் கண்ணேறு படும் என்று பாட்டிமார் தடுப்பதுண்டு. அவர்களோடு வாதிட வேண்டாம் என்போம். அந்த அச்சத்தில் எங்களுக்குப் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது: அவர் உடல் ஊரார் பார்வைக்கு உரியதன்று. ஆகவே அவர் சம்மதமின்றி ஒரு படமும் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப வேண்டாம். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள். கணவரானாலும் இதுதான் முறை.

இன்னொன்றும் கூறவேண்டும். வாரம் ஒரு படம் எடுத்துவரும் வீட்டில், சென்ற வாரத்து முகத்தையும் இவ்வாரத்து முகத்தையும் அருகருகே பார்க்க முடியும். முகமும் கைவிரல்களும் திடீரென வீங்கியிருந்தால், மோதிரம் கழலாமல் இறுகினால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சகஜம்" என்று விட்டுவிடாதீர்கள். இரத்த அழுத்தம் உயர்ந்ததன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். வீக்கமே தெரியாமலும் அழுத்தம் உயர்வதுண்டு. படம் பரிசோதனைக்கு மாற்றாகாது. கடுந்தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ இருந்தால் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.