தாலீமில் மறைக்கப்படும் படர்தாமரை

புணேயின் பழைய பேட்டைகளில் மற்போர்ப் பயிற்சிக்கூடத்தைத் ‘தாலீம்’ என்பர். கல்வி, பயிற்சி எனப் பொருள்படும் அரபுச் சொல் அது. ஊர்ப்புறச் சிறுவர் பலர் அங்கேயே தங்கி, உண்டு, உறங்கிப் பயில்கின்றனர். ஒருவனுடைய துண்டு மற்றவனுடைய துண்டாகவும் ஆகிவிடும் அத்தகைய வாழ்க்கையில், ஒருவன் தோலில் தோன்றும் படர்தாமரை அவனோடு நின்றுவிடுவதில்லை.

இதற்கு மராத்தியில் ‘கஜகர்ணம்’ என்று பெயர். தமிழர் தாமரையைக் கண்ட இடத்தில் மராத்தியர் யானைக் காதைக் கண்டிருக்கின்றனர். விளிம்பு தடித்து வட்டமாய்ப் பரவும் அந்த நோயை அடையாளம் காண எவருக்கும் மருத்துவ நூல் தேவையில்லை. எனவே, ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற வழக்கமான விளக்கம் இங்கே பொருந்தாது. சிறுவன் நோயை அறிவான், அறிந்தே மறைக்கிறான். சொன்னால் களத்திற்கு வெளியே நிற்க வேண்டும். தேர்வுப் போட்டி அவனுக்காகக் காத்திராது.

மறைப்பதற்கு மருந்துக்கடையே உதவுகிறது. ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த களிம்பு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும்; பூஞ்சையோ உள்ளே வளரும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்றது. ஆயினும் கடைகளில் கேட்டவருக்குக் கிடைக்கிறது. டெர்பினாஃபின் மருந்துக்குப் பெரிதும் கட்டுப்படாத ஒரு பூஞ்சைக்கு 2020இல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயரிட்டனர். பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

பன்னாட்டு மற்போர் விதிகள் தொற்றுநோய் உள்ளவரைப் போட்டியிலிருந்து விலக்க மருத்துவருக்கு அதிகாரம் தருகின்றன. நல்ல விதிதான். ஆனால் அது எடை பார்க்கும் நாளுக்குரியது. தொற்றோ அதற்கு முந்தைய மாதங்களில், நாள்தோறும் உடலோடு உடல் உரசும் பயிற்சியில் பரவுகிறது. 1989இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த பள்ளி மாணவர் மற்போர் முகாமொன்றில் 175 பேரில் 60 பேருக்கு ஹெர்பிஸ் தோல்நோய் தொற்றியது. புண் தோன்றிய பின்னும் சிலர் தொடர்ந்து மோதியிருந்தனர். அதே மாநிலம் 2007இல் பள்ளி மற்போர்ப் போட்டிகளை எட்டு நாள்கள் நிறுத்த வேண்டியதாயிற்று. மறைத்தல் இந்தியச் சிறுவனுக்கு மட்டும் உரிய குணமன்று.

செம்மண் களத்திலிருந்து மெத்தைக்கு மாறியதே காரணம் என்று சில மூத்த வஸ்தாதுகள் கூறுவதுண்டு. மண்ணில் மஞ்சளும் எண்ணெயும் மோரும் கலந்து நாள்தோறும் கிளறுவது மரபு. மெத்தையை நாள்தோறும் கிருமிநாசினியால் துடைப்பது இன்னும் மரபாகவில்லை. அந்த அளவில் அவர்கள் கூற்று சரி. எனினும் முதன்மையான வழி தோலுக்கும் தோலுக்கும் இடையிலான தொடர்பே என்பதால், மெத்தையைத் துடைப்பது மட்டும் போதாது.

வாரம் ஒருமுறை ஒவ்வொருவர் தோலையும் வஸ்தாதே பார்ப்பதும், ஐயம் எழுந்தால் தோல் மருத்துவரிடம் அனுப்புவதும் செலவு மிக்கவை அல்ல. அமெரிக்கப் பள்ளி விளையாட்டில், உடலில் படர்தாமரை கண்டவர் குறைந்தது 72 மணிநேரச் சிகிச்சைக்குப் பின் திரும்பலாம். நம்மிடம் பிடிவாதமான பூஞ்சை இருப்பதால் இங்கே மருத்துவர் கூடுதல் நாள் குறிக்கக்கூடும். அந்நாள்களில் அவனுடைய படுக்கையும் உணவும் அங்கேயே உறுதியாக இருக்க வேண்டும். தேர்வுப் போட்டிக்கு மறுநாள் தரப்பட வேண்டும். தண்டால், பஸ்கி, ஓட்டம் ஆகியவற்றுக்கு எதிராளியின் உடல் தேவையில்லை; அவற்றை அவன் அன்றும் செய்யலாம்.