சிம் யார் பேரில் இருக்கிறது?

திண்டுக்கல் மாவட்டம் கன்னிவாடிப் பக்கம் வெங்காயக் காட்டில் நின்று ஒரு பெண் ரீல்ஸ் போட்டால், “புருஷன் கேக்கமாட்டானா?” என்று கமென்ட் வந்து விழும். அதே காட்டில் ஓர் ஆண் டிராக்டர் மேல் ஏறி ஆடினால், பொண்டாட்டி சம்மதித்தாளா என்று எவரும் விசாரிப்பதில்லை. வெறும் வம்பு என்று இதை ஒதுக்க முடியாது. மனைவியிடம் கணக்குக் கேட்கும் கணவனின் அதிகாரத்தை முன்பின் தெரியாதவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நடப்பதும் இதுதான். “லாக்கை எடு. ராத்திரி பதினொன்றரை வரைக்கும் யார்கூட சாட்டு?” சந்தேகம் இரு பக்கமும் வரும், மறுக்கவில்லை. கணவனின் போனை மனைவி எடுத்தால் சண்டை. மனைவியின் போனைக் கணவன் எடுத்தால் அது உரிமை.

கன்னிவாடிக்காரர் மேல்முறையீட்டுக்குப் போகும் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, 2024 அக்டோபரில் இந்த உரிமையைக் கேள்வி கேட்டது. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்பு விவரங்களைக் கணவர் சாட்சியமாக வைத்திருந்தார். செல்லாது என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு என்றார்.

2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. பஞ்சாபிலிருந்து வந்த வழக்கில், கணவர் ரகசியமாகப் பதிவுசெய்த மனைவியின் பேச்சை விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது. ஒருவரையொருவர் வேவு பார்க்கிறார்கள் என்றாலே அந்த மணவாழ்வு முறிந்துவிட்டதன் அறிகுறி என்பது அதன் வாதம். கொடுமையை நிரூபிக்க வேறு சாட்சியில்லாத மனைவிக்கும் இது உதவும் என்பார்கள். உதவட்டும். ஆனால் வேவு பார்க்கும் வசதி இருவருக்கும் சமமாகவா இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை எப்போதாவது பயன்படுத்திய பெண்கள் நாட்டில் 33 சதவீதம், ஆண்கள் 57. போன் வாங்கித் தருபவரும் ரீசார்ஜ் செய்பவரும் பல வீடுகளில் கணவர்தான். சிம்மும் அவர் பேரில் இருந்தால், வேவு பார்க்க அவருக்குத் தனியாக முயற்சியே வேண்டாம். மதுரைத் தீர்ப்புதான் நம் வீடுகளின் நிலவரத்தை அறிந்த தீர்ப்பு.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பதைக் குற்றம் என்கிறது. கணவனுக்கு மட்டும் விலக்கு என்று அதில் எழுதவில்லை. ஆனால் வழக்குப் போட எல்லோராலும் முடியாது; இதையாவது செய்யலாம். மகளிர் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் சிம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள்; உங்கள் பேரில் இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.