ஓய்வுபெறும் ஆசிரியரோடு மூடப்படும் பணிமனை

அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் தொழிற்கல்விப் பிரிவு எவ்வாறு மூடப்படுகிறது என்பதை நாடு அறியாது. அதற்கென அரசாணை பிறப்பதில்லை. சட்டமன்றத்தில் அறிவிப்பு வருவதில்லை. பெற்றோரிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை. தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் பணிநிறைவு பெறுகிறார். மாலையும் பொன்னாடையும் அணிவித்து வழியனுப்புகிறார்கள். கல்வியாண்டின் எஞ்சிய நாட்களுக்கு மறுநியமனம் கிடைக்கிறது. மே 31ஆம் நாளோடு அதுவும் முடிகிறது. சூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவருடைய பணியிடம் வெறுமையாகவே கிடக்கிறது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைப் பலகையில் அந்தப் பாடப்பிரிவின் பெயரைத் தலைமையாசிரியர் எழுதாமல் விடுகிறார். பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளை, பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கும் சிறு தொகைக்கு வந்து சேர்ந்த ஒருவர் எப்படியோ தேர்வுவரை கொண்டுசேர்க்கிறார். மறு ஆண்டு பணிமனைக்குப் பூட்டு விழுகிறது. தமிழகத்தின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் தொழிற்கல்வியின் கதை இவ்வாறே முடிந்திருக்கிறது.

இப்படி முடிவதற்காக அது தொடங்கப்படவில்லை. 1964 முதல் 1966 வரை நாட்டின் கல்வியை ஆராய்ந்த கோத்தாரிக் குழு, மேல்நிலைக் கல்வியில் தொழிலுக்கு உரிய இடம் வேண்டும் என்றது. 1978ஆம் ஆண்டு தமிழகத்தில் மேல்நிலை வகுப்புகள் பிறந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன்பிறந்தது. அதே ஆண்டில்தான் வேலூரில் பிறந்த பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேசையா தலைமையில் அமைந்த தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக்குவது பற்றித் தன் அறிக்கையை அளித்தது. ஏட்டுக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் இடையே மதில் எழுப்பலாகாது என்பது அவ்வறிக்கையின் சாரம். மாணாக்கர் இரண்டிலிருந்தும் தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றும், ஊரகத்தின் தேவைகளே பாடங்களை முடிவு செய்ய வேண்டும் என்றும் அது கருதியது. நாம் அந்த மதிலைத்தான் முதலில் கட்டினோம்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணாக்கரில் நூற்றுக்குப் பத்துப் பேர் 1990க்குள்ளும் இருபத்தைந்து பேர் 1995க்குள்ளும் தொழிற்கல்வியில் இருப்பர் என்று இலக்கு வகுத்தது. 1992இல் அந்தக் கெடு ஐந்தைந்து ஆண்டுகள் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்த கெடுவும் கடந்துபோயிற்று. 2020ஆம் ஆண்டின் கொள்கையோ 2025க்குள் கற்போரில் பாதிப்பேருக்குத் தொழிற்கல்வியின் அறிமுகம் என்றது. பத்தையே எட்டாத நாடு ஐம்பதை அறிவித்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இலக்கு எழுதுவதற்கு ஆசிரியர் தேவையில்லை, பணிமனைக்குத்தான் தேவை.

ஆசிரியரிடமிருந்தே தொடங்குவோம். இப்பிரிவு தொடங்கிய காலத்தில் பாடம் நடத்த வந்தவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரப் பயிற்றுநர்களாக, மிகக் குறைந்த ஊதியத்தில் வந்தவர்கள். தொழிற்கூடங்களில் கைப்பழக்கம் பெற்று, அங்கேயே கூடுதலாக ஈட்டக்கூடிய நிலையில் இருந்தும் பள்ளியை நம்பி வந்தவர்கள். முறையான ஊதியம் அவர்களுக்கு நெடுங்காலம் கழித்தே கிட்டியது. தொடக்கத்தில் உழைத்த அந்த ஆண்டுகளை ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டி, நரைத்த தலையோடு நீதிமன்றப் படிகளை அவர்கள் ஏற நேர்ந்தது. ஒரு பிரிவின் ஆசிரியர்களை இவ்வாறு நடத்திய பிறகு, அடுத்த தலைமுறையில் திறமையுடையோர் அப்பணியை நாடிவருவர் என்று எதிர்பார்ப்பது எவ்விதத்தில் அறம்?

அந்தப் பிழையிலிருந்து அரசு கற்றுக்கொண்டதா என்றால், 2012ஆம் ஆண்டு விடை சொல்கிறது. அவ்வாண்டு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் திங்களுக்கு 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். நடுநிலை வகுப்புகளுக்கு வாரத்தில் மூன்று அரைநாள் பாடம். மே மாதத்திற்கு ஊதியம் தரப்படவில்லை. பதினோராண்டு கழித்து, 2023ஆம் ஆண்டின் அறிவிப்பில்தான் அத்தொகை 12,500 ரூபாயை எட்டியது. தையலும் மின்பணியும் கற்பிக்கும் ஒருவர் கோடை விடுமுறையில் எதை உண்பார் என்ற வினா எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. நடுவணரசின் நிதியுதவியோடு நடக்கும் புதிய தொழிற்கல்வித் திட்டங்களிலோ, பயிற்றுநரைப் பள்ளியே நியமிக்காமல் இடைநிலை நிறுவனங்களின் வழியாக ஒப்பந்தத்தில் பெறும் வழக்கம் நாட்டின் பல மாநிலங்களில் வேரூன்றிவிட்டது. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் நிலையான பெயர் இல்லாத ஆசிரியர், அப்பள்ளியின் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் அந்நியராகவே வருகிறார்.

செலவுக்கு வருவோம். 2025-26ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தமிழக அரசு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். இது சிறிய தொகையன்று. கல்விக்கு இவ்வளவு ஒதுக்கும் அரசைக் கஞ்சன் என்று பழிப்பது முறையுமன்று. ஆனால் இத்தொகையின் பெரும்பகுதி ஊதியத்திற்கும் ஓய்வுக்காலப் பயன்களுக்கும் போவது இயல்பு. தொழிற்கல்விக்கு அதற்கு மேலும் ஒன்று வேண்டும். வரலாற்றுப் பாடத்திற்குக் கரும்பலகையும் நூலும் போதும். கடைசல் பொறிக்கு இரும்புத் தண்டு வேண்டும், வெட்டுளி வேண்டும், எண்ணெய் வேண்டும், மின்கட்டணம் வேண்டும். மின்சுற்றுக் கற்பிக்கச் செப்புக் கம்பி வேண்டும். உணவக மேலாண்மைக்கு அரிசியும் பருப்பும் அடுப்பெரிவாயுவும் வேண்டும். வேளாண் அறிவியலுக்கு நிலமும் நீரும் வேண்டும். இவை ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் பொருள்கள். ஒருமுறை பெருந்தொகை கொடுத்துப் பொறியை வாங்கி நிறுத்திவிட்டு, ஆண்டுதோறும் வேண்டிய சிறுதொகையை மறந்துவிடும் வழக்கமே நம் பணிமனைகளைத் துருப்பிடிக்க வைத்தது. பொறி பழுதானால் அதைச் சீர்செய்யும் தொகை எந்தத் தலைப்பில் வரும் என்று தெரியாமல் தலைமையாசிரியர் அதன்மேல் துணியைப் போர்த்தி வைக்கிறார். செய்முறைத் தேர்வு நாளில் மாணவர் பொறியை இயக்குவதில்லை. அதன் படத்தை வரைகிறார்.

இதே மாநிலம்தான் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் 71ஐத் தனியார் நிறுவனமொன்றின் பங்கேற்போடு 2,877 கோடி ரூபாயில் புதுப்பிக்க முன்வந்தது. தானியங்கி எந்திரமும் முப்பரிமாண அச்சுப்பொறியும் அங்கே வந்துள்ளன. மகிழத்தக்க செய்தி. தொழிலாளர் நலத்துறையின் கீழ் உள்ள நிலையத்திற்குக் கிட்டும் கவனம், பள்ளிக் கல்வித் துறையின் கீழ் உள்ள பணிமனைக்கு ஏன் கிட்டவில்லை என்பதே நம் கவலை. நடுவணரசும் இதில் பழியின்றித் தப்ப முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு தரவேண்டிய தில்லி, தன் மாதிரிப் பள்ளித் திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காக 2024-25இல் தமிழகத்திற்கு உரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது; மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. அரசுகள் இரண்டின் வழக்கில் முதலில் காய்வது ஆண்டுக்கு ஆண்டு தீரும் பொருள்களுக்கான சிறுதொகைதான்.

ஆசிரியரையும் செலவையும் விட நம்மை வருத்துவது மூன்றாவது கணக்கு: அந்த வகுப்பில் யார் அமர்ந்திருக்கிறார்கள்? பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வந்தவுடன் ஊர்ப் பள்ளிகளில் நடக்கும் பங்கீட்டைப் பார்த்தவர்கள் அறிவர். உயர்ந்த மதிப்பெண் பெற்றோர் அறிவியலுக்கு, அடுத்தோர் வணிகவியலுக்கு, எஞ்சியோர் தொழிற்கல்விக்கு. விருப்பம் கேட்கப்படுவதில்லை. எஞ்சியோர் யாருடைய பிள்ளைகள்? செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் கூலிக்குப் போகும் வீட்டின் பிள்ளைகள். தேர்வுக்கு முந்திய வாரமும் ஆடு மேய்த்த பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த பிள்ளைகள். பட்டியல் வகுப்பாரும் மிகப் பிற்படுத்தப்பட்டோரும் அவர்களில் மிகுதி என்பதை ஊரறியும். பெண்பிள்ளைகளைச் செவிலியத்திற்கும் ஆடை வடிவமைப்பிற்கும், ஆண்பிள்ளைகளை இயந்திரவியலுக்கும் மின்பொறியியலுக்கும் அனுப்பும் பழக்கம் வேறு இதனோடு சேர்ந்துகொள்கிறது. செவிலியம் படித்து வெளியேறும் பெண், அந்தச் சான்றிதழை மட்டும் கொண்டு செவிலியராகப் பதிவுபெற இயலாது என்பதைப் பள்ளியிலிருந்து வெளியே வந்த பிறகே அறிகிறாள்.

இந்த மண்ணுக்கு இது பழைய புண். 1953ஆம் ஆண்டு இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், சிறுவர் நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் பள்ளியில் இருந்துவிட்டு, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்றிருந்தது. குலக்கல்வி என்று பெயரிட்டு அதனைத் தமிழகம் எதிர்த்தது. பெரியார் எதிர்த்தார், திராவிட இயக்கம் முழுதும் எதிர்த்தது, காங்கிரசின் உள்ளிருந்தே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் பொறுப்பேற்றபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆயினும் சட்டத்தால் வரவிருந்ததை எதிர்த்து வென்ற நாம், கவனக்குறைவால் வந்துகொண்டிருப்பதைக் காணத் தவறினோம். உழைப்பாளியின் பிள்ளையைத் தொழிற்கல்விக்கு ஒதுக்கி, அந்தத் தொழிற்கல்விக்கு ஆசிரியரும் இல்லாமல் பொருளும் இல்லாமல் செய்துவிட்டால், அப்பிள்ளை தந்தையின் கூலிவேலைக்கே திரும்புகிறது, அதுவும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைக் கையில் ஏந்தி. குலக்கல்வியில் தந்தையின் தொழிலாவது கைவந்திருக்கும் என்று எவரேனும் ஏளனம் செய்ய இடம் கொடுத்துவிடக் கூடாது.

தொழிற்பயிற்சி நிலையங்களும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கையில் பள்ளியில் இது எதற்கு, மூடிவிடலாமே என்று வாதிடுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவு மொழியையும் கணக்கையும் அறிவியலையும் கைவிடாமல் தொழிலைக் கற்பிக்கிறது. அதில் தேறியவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பொறியியல் சேர்க்கையில் அவர்களுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணாக்கருக்கு 2021இல் சட்டமான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் அவர்களுக்கு உரியது. பதினைந்து வயதில் ஒரு பிள்ளையின் முடிவை அறுதியாக எழுதிவிடாமல், மேற்படிப்பின் கதவைத் திறந்தே வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஊருக்கு அருகில், கட்டணமின்றி, மதிய உணவு உண்டு வளர்ந்த அதே பள்ளியில் அது கிடைக்கிறது. வெளியூர் விடுதிக்கு அனுப்பத் துணியாத பெற்றோரின் மகளுக்கு வேறு தொழிற்கல்வி எங்கே இருக்கிறது?

ஆகவே அரசு செய்யவேண்டியவை தெளிவாக உள்ளன. தொழிற்கல்விப் பாடப்பிரிவைச் சேர்க்கைப் பட்டியலின் கடைசி வரியிலிருந்து எடுத்து, அறிவியல் பயிலும் மாணாக்கரும் விரும்பினால் தெரிந்தெடுக்கும்படி திறந்துவிட வேண்டும். ஆதிசேசையாக் குழு சொன்னதும் அதுவே. பணிமனையில் தீரும் பொருள்களுக்கு மாணாக்கர் எண்ணிக்கையை வைத்து ஆண்டுதோறும் தனித்தலைப்பில் தொகை வர வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை பணியிடம் ஒப்பளிக்கப்பட்டது, எத்தனை நிரம்பியுள்ளது, பணிமனைக்கு எவ்வளவு செலவானது, எந்தெந்த வகுப்பாரின் பிள்ளைகள் எந்தெந்தப் பிரிவில் பயில்கின்றனர் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன் படித்துக் காட்ட வேண்டும். ஆசிரியர், செலவு, மாணாக்கர் ஆகிய மூன்று கணக்குகளையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருக்கும்வரை, ஆசிரியர் இல்லாததும் பொருள் இல்லாததும் ஒரே பிள்ளைகளைத்தான் தாக்குகின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது.

காலியிடம் திடீரென்று நேர்ந்துவிட்டது என்ற விளக்கம் இனி எடுபடாது. ஓய்வுபெறும் வயது 58இலிருந்து 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டபோது துறைக்கு ஈராண்டுக் கால அவகாசமும் கூடுதலாகக் கிடைத்தது. ஓர் ஆசிரியர் பணியில் சேரும் நாளிலேயே அவர் விடைபெறும் நாள் பணிப்பதிவேட்டில் தெரிந்துவிடுகிறது. அடுத்த மே 31ஆம் நாள் எந்தெந்தப் பணிமனைகள் ஆசிரியரை இழக்கும் என்பதை மாவட்டக் கல்வி அலுவலகம் இன்றே எழுதிவிட முடியும். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும், விடைபெறுபவர் கையிலிருந்து பணிமனைச் சாவியை வாங்கிக்கொள்ள முறையாக நியமிக்கப்பட்ட ஒருவர் அன்று நிற்க வேண்டும்.