ஓர் இலை கூடுதலாக

வெளிநாடு சென்று படிக்கும் யூத மாணவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர்களுடைய வருடப் பிறப்பு, பத்தாம் நாள் யோம் கிப்பூர் உபவாசம், பிறகு கூடாரப் பண்டிகை எல்லாம் செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து வருகின்றன. பல நாடுகளில் கல்லூரி திறந்து, முகங்கள்கூடப் பழகாத சமயம் அது. தண்ணீரும் அருந்தாமல் சுமார் 25 மணி நேரம் விரதமிருக்கும் நாளில் பரீட்சை வந்தால், புதிய பேராசிரியரிடம் விடுப்புக் கேட்கவே துணிச்சல் வேண்டும். அதைவிடக் கடினம், விரதம் முடிந்த இரவில் தனியாகச் சாப்பிடுவது. ரயில்வேயில் பல தீபாவளிகளை லைனிலேயே கழித்தவன் நான். அந்தத் தனிமை தெரியும்.

1923-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஹில்லெல் என்ற யூத மாணவர் அமைப்பு, இன்று பல நாடுகளில் இவர்களைப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறது. விடுப்புத் தருவது கல்லூரியின் கடமை. இலை போடுவது சமூகத்தின் கடமை என்பேன். வருகிற பொங்கலன்று, இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஓர் இலை கூடுதலாகப் போடுவோமே!