புதர்த்தவளையும் மலைக்காடும்

கூர்ப்பை அறிய டார்வின் சென்ற தீவுகளுக்குப் போக வேண்டியதில்லை. நோட்டன் பிரிட்ஜை அடுத்த சிவனொளிபாதமலைக் காடே போதும். இலங்கையின் புதர்த்தவளைகளுக்கு வாற்பேய்ப் பருவமில்லை. குளம் வேண்டாம், ஈரக்காடு வேண்டும். வெப்பமான பள்ளத்தாக்குகளைக் கடக்க இயலாது மலைதோறும் பிரிந்த கூட்டங்களை, இயற்கைத் தேர்வு அந்தந்த இடத்துக்கேற்ப மாற்றியது. பல மில்லியன் ஆண்டுகளில் அவை தனித்தனி இனங்களாயின. இதுவரை 70க்கு மேல் அறியப்பட்டுள்ளன.

கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டப்பட்டபோதும் கூட்டங்கள் பிரிந்தன. ஆனால் அப்பிரிவு இனங்களை ஆக்கவில்லை, பலவற்றை அழித்தது. சிறு துண்டுக்குள் அகப்பட்ட தவளைகளுக்கு மாறுவதற்குக் காலமுமில்லை, எண்ணிக்கையுமில்லை. 1853இல் விவரிக்கப்பட்டு, அழிந்ததாகவே கருதப்பட்ட ஓரினம் 2009இல் மீண்டும் கிடைத்தது இந்தச் சிவனொளிபாதமலைக் காட்டில்தான். எஞ்சிய காட்டில் இனி ஒரு பேர்ச் நிலமும் வெட்டப்படலாகாது என்பதே என் கருத்து.