லாபத்துக்கு உரியவர் நஷ்டத்துக்கும் உரியவரே

தொழில் நடத்திப் பொருளீட்டுவது பாபமன்று. கைத்தொழில் பெருகாமல் தேசத்தின் வறுமை நீங்காது என்பதையும், மூலதனமின்றிக் கைத்தொழில் இல்லை என்பதையும் நாம் மறுப்பவரல்லோம். ஆனால், லாபத்தில் முழு உரிமை கொண்டாடும் ஒரு கம்பெனி, தன்னால் விளைந்த கேட்டுக்கு மட்டும் வேறொருவரைக் கைகாட்டுமாயின், அதை நேர்மையான வியாபாரம் என்று எவ்வாறு கொள்வது? போபால் ஜனங்களுக்கு நேர்ந்த கதி இக்கேள்வியை இன்றும் நம்முன் நிறுத்துகிறது.

1984-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவு கழிந்ததும், அந்நகரிலிருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து மெதில் ஐசோசயனேட் என்னும் விஷவாயு சுமார் 40 டன் வெளிப்பட்டது. சர்க்கார் பிற்பாடு ஒப்புக்கொண்ட கணக்கின்படியே மாண்டவர் 5,000-க்கு மேல். பாதிக்கப்பட்டவர் 5 லட்சத்துக்கு மேல். இதைத் தெய்வச் செயல் என்று சொல்வதற்கில்லை. விஷத் திரவத்தைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்கவேண்டிய யந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. தப்பும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதென்று கழற்றப்பட்டுக் கிடந்தது. யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீர் விட்டான் என்று கம்பெனி வாதித்தது. அது மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், காப்புச் சாதனங்கள் ஏன் இயங்கவில்லை என்ற கேள்விக்கு அது விடையாகுமா?

பின்னர் நடந்தவை இன்னும் வருந்தத்தக்கவை. இந்தியக் கம்பெனியின் பங்குகளில் பாதிக்கு மேல் அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்தன. ஆயினும், அது தனிக் கம்பெனி, பொறுப்பு எமதன்று என்று தாய்க் கம்பெனி கூறிற்று. அமெரிக்க நீதிமன்றம் 1986-ல் வழக்கை இந்தியாவுக்கே அனுப்பியது. பாதிக்கப்பட்டோர் அனைவருக்குமாக வழக்காடும் உரிமையைச் சட்டத்தினால் தானே எடுத்துக்கொண்ட நம் சர்க்கார், 300 கோடி டாலருக்கு மேல் கேட்டுவிட்டு, 1989-ல் 47 கோடி டாலருக்கு இணங்கியது. 2001-ல் டோ என்னும் கம்பெனி யூனியன் கார்பைடை வாங்கியது. சொத்து எமது, பழி எமதன்று என்பதே அதன் வாதம். தலைவர் ஆண்டர்ஸன் ஜாமீனில் தேசத்தைவிட்டுச் சென்றவர், நம் நீதிமன்றத்தில் நில்லாமலே 2014-ல் காலமானார். 2010-ல் இந்திய அதிகாரிகள் எழுவருக்கு 2 வருஷச் சிறை விதிக்கப்பட்டது. அன்றே ஜாமீனும் கிடைத்தது. கூடுதல் நஷ்டஈடு கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2023-ல் தள்ளிவிட்டது. தொழிற்சாலையில் கிடந்த நச்சுக் கழிவில் 337 டன்னை 2025-ல் அகற்றி எரித்த செலவும் பொதுப் பணத்திலிருந்தே வந்தது.

கம்பெனியைச் சட்டம் ஒரு நபராகப் பாவிக்கிறது. பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பணத்துடன் நிற்கும் என்ற விதியும், சிறு சேமிப்புக்காரர் அஞ்சாமல் தொழிலில் பணம் போடுவதற்காக ஏற்பட்டது. பிறர் உயிரைப் பணயம் வைத்துச் செலவை மிச்சப்படுத்துவோருக்கு மறைவிடமாக அது ஏற்படவில்லை. அபாயகரமான தொழில் நடத்துவோர் விளையும் தீங்குக்கு முழுப் பொறுப்பாளிகள் என்றும், தொழில் எவ்வளவு பெரிதோ நஷ்டஈடும் அவ்வளவு பெரிதாக வேண்டுமென்றும், டில்லி ஸ்ரீராம் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் கூறியது. அந்த அளவுகோல் கொண்டு போபால் ஜனங்களின் துயரம் அளக்கப்படவில்லை.

பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் பொதுநலப் பணிக்குச் செலவிடவேண்டும் என 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதிக்கிறது. நல்லதே. ஆயினும், மற்ற 98 எவ்வழியில் வந்தது என்பதையல்லவோ முதலில் கேட்கவேண்டும்? தொழிலாளியின் மூச்சையும் அண்டை வீட்டாரின் குடிநீரையும் கெடுத்தவர் ஆஸ்பத்திரி கட்டினால் கணக்குத் தீர்ந்துவிடாது.

கடுமையான சட்டம் மூலதனத்தை விரட்டிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். உயிர் மலிவாக உள்ள இடம் தேடி வரும் மூலதனம் போவதனால் தேசம் கெட்டுவிடாது. இதில் அந்நியக் கம்பெனி, சுதேசிக் கம்பெனி என்ற பேதமும் நமக்கில்லை. அந்தத் தொழிற்சாலைக்கு அனுமதி அளித்ததும் நம் சர்க்காரே. பங்கு வைத்திருந்தவற்றில் நமது பொது ஸ்தாபனங்களும் உண்டு.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. கிளைக் கம்பெனி செய்த தீங்குக்குத் தாய்க் கம்பெனி பொறுப்பேற்கவேண்டும். கம்பெனி கைமாறினால் அதன் பழியும் கூடவே கைமாறவேண்டும். காப்புச் சாதனங்களை நிறுத்த உத்தரவிடும் டைரக்டர் தம் பெயரால் நீதிமன்றத்தில் பதில் சொல்லவேண்டும். பொதுஜனப் பிரதிநிதிகளாக உள்ளவர்கள் இவற்றைச் சட்டமாக்க முன்வரவேண்டும். அதுவரை அவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.