ராதாகிருஷ்ணனின் நினைவுகளைப் பாதியாய் வெட்டுவோர்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 நெருங்கும்போது, டாக்டர் ராதாகிருஷ்ணனின் கல்லூரி நாள்கள் இரு மேடைகளில் இரு விதமாகக் கூறப்படுகின்றன. பாதிரிமார் கல்லூரி அவருடைய இந்து நம்பிக்கையை இழிவுபடுத்தியது என்பது ஒரு மேடை. அக்கல்லூரிதான் அவரைத் தத்துவ அறிஞர் ஆக்கியது என்பது மற்றொரு மேடை. இரு சாராரும் அவர் எழுதிய நினைவுகளையே சான்று காட்டுகின்றனர். இரு சாராரும் பாதியை வெட்டியெறிந்துவிட்டே காட்டுகின்றனர் என்பது நம் குற்றச்சாட்டு.

முதலில் செய்திகளை நேர்செய்துகொள்வோம். அவர் படித்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நாவலூரிலிருந்து எழுதும் நமக்கு அண்டை ஊரான தாம்பரத்தில் அன்று இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்திற்கு வந்தது 1937இல்தான். தத்துவமும் அவர் தேடிச் சென்ற பாடமன்று. படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் நூல்களைக் கொடுத்ததால் வாய்த்தது. விவேகானந்தரால் நிமிர்ந்த தம் பெருமிதம், மிஷன் நிறுவனங்களில் இந்து சமயம் நடத்தப்பட்ட விதத்தால் புண்பட்டதென்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த விமரிசனமே தம் சமயத்தில் கொள்வன எவை, தள்ளுவன எவை என ஆராயத் தூண்டியதென்றும் அவரே எழுதினார். முன்னது ஒரு மேடைக்குப் போயிற்று. பின்னது மறு மேடைக்கு.

அவ்வாராய்ச்சியின் முதற்கனி, 1908இல் அச்சேறிய அவருடைய முதுகலை ஆய்வேடு. வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டிற்கு அது மறுப்பு. அதைப் பாராட்டிச் சான்றளித்தவர் அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி. தம் சமயத்தைப் பரப்ப வந்தவர், தம் தரப்பினரின் கூற்றை மறுத்த மாணவனின் வாதத்திறனை மதித்தார். 1938 டிசம்பரில் தாம்பரம் வளாகத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், பிற சமயத்தாரின் இறையனுபவத்தைக் குறைத்து மதிப்பிட்ட ஹென்றிக் கிரேமரை எதிர்த்து வாதிட்டவரும் இதே ஹாக்தான்.

ஆளும் இனத்தாரின் வகுப்பறையில் நிகழ்ந்தது சமன்பட்ட வாதமா என்று கேட்கலாம். அல்லதான். அவமதிப்பை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் புண்பட்டதோடு அவர் நின்றிருந்தால் ஓர் ஆய்வேடு பிறந்திராது. மறுப்பை எழுதவும், அதற்கு மதிப்பெண் பெறவும் அங்கே இடமிருந்தது.

அந்த இடம் இன்று எங்கே? தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் நம் தமிழ்த் துறைகளின் பாடத்திட்டத்தில் உள்ளன. பாடலில் பயின்றுள்ள அணி யாது என்று வினவுகிறார்கள். அப்பர் ஏன் சமணத்தைத் துறந்தார் என்ற வினா எழுந்ததும் மணியைப் பார்க்கிறார்கள். நம்பிக்கையுள்ள மாணவனையும் நம்பிக்கையற்ற மாணவனையும் ஒருசேர ஊமையாக்கிவிட்டு, இதற்கு நல்லிணக்கம் என்று பெயரும் சூட்டிக்கொள்கிறார்கள். இது நல்லிணக்கமன்று, அச்சம். அவமதிப்புக்கும் மௌனத்திற்கும் நடுவே வாதம் என்றொரு வழி உண்டு. ஆசிரியர் நாளில் மாலை சூட்ட வருவோர், தம் மாணவர்க்கு அவ்வழியைத் திறந்துவிட்டுப் பிறகு வரட்டும்.